பண்டகசாலையும் பல்கலைக்கழகமும்: சீனிவாச சாஸ்திரியார் வாழ்வில் கூட்டுறவு நெறி

முன்னுரை

தமிழகக் கூட்டுறவு வரலாறு பெரும்பாலும் கடனளிப்புச் சங்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதில் நுகர்வோர் சங்கங்கள் பெற்றுள்ள இடம் சிறிது. இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் (1869–1946). அவரே பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார் (1935–1940). ஒரு பொருளைப் பயன்படுத்துவோரே அதனை ஆளவும் வேண்டும் என்பது கூட்டுறவின் அடிப்படை நெறி. அந்நெறி அவர் வாழ்வில் எங்கு நிலைபெற்றது, எங்குத் தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இளமையும் ஆசிரியப் பணியும்

சாஸ்திரியார் 1869 செப்டம்பர் 22ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தார். தந்தையார் புரோகிதத் தொழில் புரிந்தவர், குடும்பம் வறியது. கும்பகோணத்தில் பயின்று 1888இல் இளங்கலைப் பட்டம் பெற்ற சாஸ்திரியார், ஆசிரியப் பணியை மேற்கொண்டார். மாயவரம், சேலம் முதலிய ஊர்களில் பணியாற்றிய பின் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆங்கிலப் புலமையாலும் சொல்வன்மையாலும் வெள்ளிநாக்குச் சாஸ்திரியார் எனப் பின்னர்ப் பெயர் பெற்றார். எனினும் அவர் முதலில் கட்டியெழுப்பிய பொது நிறுவனம் மேடை சார்ந்ததன்று. அரிசி பருப்பு சார்ந்தது.

திருவல்லிக்கேணிப் பண்டகசாலை

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை தொடங்கினர். அவர்களுள் நெசவாளர் பலர். கலப்படமற்ற பண்டம், சரியான எடை, பங்குத்தொகை எவ்வளவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப ஆதாயப் பங்கீடு என்பன அக்கடையின் விதிகள். வாங்குபவரே உரிமையாளர் என்பதால், எடையில் ஏமாற்ற ஒருவருக்கும் காரணம் இல்லாமற் போயிற்று.

இம்முன்மாதிரியைத் தழுவி, 1904 ஏப்ரலில் சாஸ்திரியாரும் நண்பர்களும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அதற்குச் சில நாள் முன்னரே இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியிருந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டத்துக்கு அடித்தளம் இட்டவை 1895, 1897ஆம் ஆண்டுகளில் பிரெடரிக் நிக்கல்சன் அளித்த அறிக்கைகள். அவை உழவர் கடனைக் கருதியவை; சட்டமும் கடன் சங்கங்களையே கருதியது. கடனல்லாத பிற சங்கங்களுக்குத் தெளிவான சட்ட இடம் 1912இல்தான் கிடைத்தது. ஆகவே அரசு கூட்டுறவைக் கடனாகக் கண்ட காலத்தில், திருவல்லிக்கேணியின் ஆசிரியரும் அலுவலரும் அதனை அன்றாட நுகர்வாகக் கண்டனர் எனலாம். மாதச் சம்பளத்தில் வாழ்ந்த புதிய நகர நடுத்தர வகுப்பின் தேவையே இம்முன்னோட்டத்துக்குக் காரணம். பின்னர் அச்சங்கம் நகரின் பல பகுதிகளில் கிளைகளோடு வளர்ந்தது.

பொதுவாழ்வு

1907இல் சாஸ்திரியார் ஆசிரியப் பணியை விடுத்து, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1919இல் ரௌலட் சட்ட முன்வடிவை மத்தியச் சட்டமன்றத்தில் எதிர்த்தார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பணியாற்றினார். டர்பனில் அவர் பெயரால் அமைந்த கல்லூரி, அங்கு வாழ்ந்த இந்தியரிடம் திரட்டிய நிதியால் எழுந்தது. பலர் சேர்ந்து தம் தேவையைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளும் முறை கடல் கடந்தும் அவருக்குக் கைகொடுத்தது.

சிதம்பரத்தில்

1935இல் அவர் ஏற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ வேறு வகையினது. 1929இல் எழுந்த அந்நிறுவனம், அண்ணாமலைச் செட்டியார் என்னும் தனியொரு வணிகப் பெருமகனின் கொடையால் அமைந்தது. சிதம்பரம் அப்போது கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. கடலூர் கூட்டுறவுக்கு நேர்மாறான வணிகமுறையின் பழைய களம். 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, இடைத்தரகர் வழியே நெசவாளர்க்கு முன்பணம் தந்து துணியைப் பெற்றது. முன்பணம் பெற்ற தறிகாரர், தம் துணிக்குத் தாமே விலை கூறும் உரிமையை இழந்தார். பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என அறியப்பட்ட கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பு, சாஸ்திரியார் சிதம்பரம் வந்த அதே 1935இல் தோன்றியது தற்செயலே. ஆயினும் அது அந்தப் பழைய உறவை மாற்றும் முயற்சியாகும்.

அவர் பதவிக்காலத்தில் பல்கலைக்கழகப் பொருளியல் துறையும் ஊரகக் கடனில் கருத்துச் செலுத்தியது. உழவர் கடன் நிவாரணத்துக்காக 1938இல் வந்த சென்னை மாகாணச் சட்டத்தைப் பற்றி நாராயணசாமி நாயுடுவும் வைத்தியநாதனும் எழுதிய ஆய்வுநூலைப் பல்கலைக்கழகம் 1939இல் வெளியிட்டது.

கலைச்சொற் குழு

1937இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்படும் என அறிவிக்கப்பட்டபோது எதிர்த்து நின்றவர்களுள், இப்பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த நாவலர் சோமசுந்தர பாரதியாரும் ஒருவர். இவ்வாறு மொழியுரிமை உணர்ச்சி மிகுந்திருந்த சூழலில், 1940இல் சென்னை அரசு அமைத்த கலைச்சொற் குழுவுக்குச் சாஸ்திரியார் தலைவரானார். வடசொற்களுக்கு முதன்மை தரும் குழுவின் போக்கும், தமிழறிஞர்க்கு அதில் உரிய இடம் இன்மையும் கடும் எதிர்ப்பை எழுப்பின. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதியை 1938இலேயே வெளியிட்டிருந்ததால், தமிழால் இயலாது என்னும் வாதம் எடுபடவில்லை.

இங்குத்தான் முரண் தெளிவாகிறது. கடைச்சரக்கைத் தேர்வதில் வாங்குவோர்க்கு வாக்களித்த நெறி, சொல்லைத் தேர்வதில் அதனை வழங்குவோர்க்கு வாக்களிக்கவில்லை. தமிழறிஞர் எழுப்பிய கோரிக்கை, அவ்வகையில், சாஸ்திரியார் தம் இளமையில் போற்றிய நெறியையே மொழிக்கு நீட்டியதாகும். கூட்டுறவுத் துறையின் சொல்வழக்கே இதற்குச் சான்று. தொடக்ககால ஐக்கிய நாணயச் சங்கம் என்னும் பெயர் வழக்கிழந்தது. கூட்டுறவு என்னும் தமிழ்ச்சொல் ஊர்தோறும் பெயர்ப்பலகைகளில் நிலைபெற்றது.

நிறைவுரை

1946 ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். அவரைச் சொல்வன்மைக்காக மட்டும் நினைப்பதும், கலைச்சொற் குழுவுக்காக மட்டும் பழிப்பதும் குறையுடையன. அவர் தொடங்கிய பண்டகசாலை அவருக்குப் பின்னும் நிலைத்தது; அவர் தலைமையேற்ற குழுவின் நோக்கு நிலைக்கவில்லை. முன்னதைப் பயன்படுத்தியோர் தம்முடையதாகக் கருதினர். பின்னதை அவ்வாறு கருத அவர்களுக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. கலைச்சொல்லாக்கத்தில் இன்று ஈடுபடும் தமிழ்த்துறைகள் அவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவே.