டஸ்கீகி கண்ட புக்கர் வாஷிங்டன்

தாழ்வுற்ற சமுதாயம் ஒன்று தலைநிமிர வேண்டுமாயின் அதற்கு வேண்டுவது கைத்தொழிலா, உயர்கல்வியா, அரசியல் உரிமையா என்னும் வினா இன்றும் அறிஞரிடை நிகழ்வதே. இவ்வினாவைத் தம் வாழ்க்கை முழுவதும் சுமந்து நின்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை எம் மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவராய் விளங்கிய புக்கர் வாஷிங்டன் ஆவர்.

வேர்ஜினியா மாநிலத்துப் பண்ணை ஒன்றில் 1856ஆம் ஆண்டளவிற் புக்கர் பிறந்தார். அன்னையார் அப்பண்ணையின் அடிமைச் சமையற்காரி; தந்தையார் இன்னாரென அவர் அறிந்திலர். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபின், குடும்பம் மேற்கு வேர்ஜினியாவிலுள்ள மோல்டன் என்னும் ஊர்க்குச் சென்றது. ஆங்கே உப்புக் காய்ச்சும் உலைகளிலும், பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் அச்சிறுவர் உழைத்தார். பள்ளியிற் பெயர் பதியும்போது ஏனைய பிள்ளைகட்கு இரண்டு பெயர் இருத்தலைக் கண்டு, தமக்கும் வாஷிங்டன் என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார்.

கறுப்பினத்தார்க்கென ஹம்ப்டன் என்னுமிடத்தில் ஒரு கலாசாலை உண்டெனச் சுரங்கத்திற் கேள்வியுற்ற அவர், 1872இல், தமது பதினாறாம் வயதில், ஏறக்குறைய 500 மைல் தொலைவிலிருந்த அவ்விடத்தை நோக்கிப் புறப்பட்டார். கைப்பொருள் வழியிலே தீர்ந்தது. ரிச்மண்ட் நகரிற் பலகை நடைபாதையின் கீழ் உறங்கினார். கப்பலிற் சரக்கு இறக்கி உணவுக்குப் பொருள் தேடினார். அழுக்கேறிய ஆடையோடு வந்து நின்ற அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய ஆசிரியை, ஓர் அறையைக் கூட்டுமாறு பணித்தார். புக்கர் அதனை மும்முறை கூட்டி, நான்குமுறை தூசு துடைத்தார். அதுவே அவர்தம் நுழைவுத் தேர்வாயிற்று. வாயிற்காவலும் துப்புரவுப் பணியும் செய்து படித்து 1875இல் அவர் தேறினார்.

அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் சிற்றூரில் லூயிஸ் அடம்ஸ் என்பார் வாழ்ந்தார். அவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கைவினைஞர். தேர்தற் காலத்திற் கறுப்பின மக்களின் வாக்கை நாடி வந்த வேட்பாளரிடம் அவர் பதவியோ பணமோ வேண்டாது, தம் மக்கட்கு ஓர் ஆசிரியர் கலாசாலை வேண்டுமெனக் கேட்டுப் பெற்றார். ஆசிரியர் சம்பளத்துக்கென மாநிலம் ஆண்டுக்கு 2,000 டொலர் ஒதுக்கியது. நிலமும் கட்டடமும் தரவில்லை. ஹம்ப்டன் தலைவரின் பரிந்துரையால் அக்கலாசாலைக்கு அதிபராய் வந்த வாஷிங்டன், 1881 யூலை 4இல் 30 மாணாக்கரோடு ஒழுகும் கொட்டிலொன்றிற் பாடம் தொடங்கினார். மழை நாளில் மாணாக்கர் ஒருவர் குடை பிடிக்க, அவர் கற்பித்ததும் உண்டு.

பின்னர் 500 டொலர் விலையிற் பாழடைந்த பண்ணை நிலம் 100 ஏக்கரைக் கலாசாலைக்கென வாங்கினார். படித்தவன் மண்வெட்டி தொடலாகாது என்னும் எண்ணம் மாணாக்கர் பலரிடம் இருந்தது. அதிபரே கோடரி எடுத்துக் காடு வெட்ட முன்சென்றபின் அவர்களும் பின்தொடர்ந்தனர். கட்டடத்துக்குச் செங்கல் வேண்டியிருந்தது. மூன்று சூளைகள் பழுதாயின. நான்காவதற்குப் பணமின்றித் தம் கடியாரத்தை 15 டொலருக்கு அடகு வைத்தார்; அச்சூளை பலித்தது. முன்னர் அக்கலாசாலையை ஐயத்தோடு நோக்கிய வெள்ளையரும் கல் வாங்க வந்தனர். 1896இல் ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் வேளாண் அறிஞர் அங்கே ஆசிரியரானார். பருத்தியாற் சாரமிழந்த மண்ணை வேர்க்கடலையும் பயறும் பயிரிட்டு மீட்கும் வழியைக் கார்வர் உழவர்க்குக் காட்டினார். 1906 முதல் வண்டியொன்று கிராமந்தோறுஞ் சென்று அவ்வறிவைப் பரப்பியது. கலாசாலை மதிலுக்குள் அடங்காத கல்வி இது.

ஆயினும் வாஷிங்டனாரின் வழியை எல்லாரும் ஏற்றாரல்லர். 1895இல் அற்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், கறுப்பினத்தார் அரசியல் உரிமைக்கும் சமத்துவத்துக்கும் அவசரப்படாது முதலில் தொழிலாலும் பொருளாலும் உயர்தல் வேண்டுமென்று அவர் கூறினார். டூ போய்ஸ் என்னும் பேரறிஞர் 1903இல் இதனை மறுத்தார். வாக்குரிமையின்றி ஈட்டிய பொருளைக் காக்க முடியாதென்பதும், பல்கலைக்கழகக் கல்வி பெற்றோர் இன்றேல் டஸ்கீகிக்கே ஆசிரியர் கிடையார் என்பதும் அவர்தம் வாதம். 1901இல் அலபாமா இயற்றிய புதிய அரசியலமைப்பு கறுப்பின மக்களுட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்திருந்தது. வெளியில் அமைதி காத்த வாஷிங்டன், அச்சட்டத்தை எதிர்த்த வழக்குகட்கு மறைவாகப் பணம் உதவினார் என்பது அவர் இறந்து பல்லாண்டு கழிந்தபின் பலரும் அறிந்த செய்தி.

இவ்விருவருள் யார் சொல் சரி? டஸ்கீகி பிறந்ததே வாக்கின் வலியாலென்பதை நாம் மறத்தலாகாது. அடம்ஸ் கையில் வாக்கு இருந்தமையாலன்றோ கலாசாலை எழுந்தது? ஆதலின் உரிமையைப் பின்தள்ளிய இடத்து வாஷிங்டனாரோடு நாம் உடன்படோம். எனினும், அச்சம் நிறைந்த அந்நாட்டிலே, அடிமைகளின் மக்களைக் கொண்டு ஒரு பெருங் கலாசாலையைக் கல்லடுக்கி நிறுத்திய ஆற்றலைப் போற்றாதிருக்கவும் எம்மால் இயலாது. கைத்தொழிலும் உயர்கல்வியும் உரிமையும் ஒன்றற்கொன்று பகையல்ல; ஒன்று இன்றி மற்றவை நிலையா.

1912 முதல் அவரும் செல்வர் யூலியஸ் ரோசன்வால்டும் தொடங்கிய திட்டத்தால், 1932 அளவில் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 கிராமப் பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்கு ஏழை மக்கள் தாமும் நிலமும் பணமும் உழைப்பும் ஈந்தனர். 1915 நவம்பர் 14இல் வாஷிங்டன் மறைந்தபோது டஸ்கீகியில் 100க்கு மேற்பட்ட கட்டடங்களும் ஏறக்குறைய 1,500 மாணாக்கரும் இருந்தனர். 1985இல் அது பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது.

இளம் மாணாக்கரே, கல்வியாற் பெறும் உயர்வு உம்மளவில் நின்றுவிடுமாயின் அது பாதிக் கல்வியே. பழைய மாணவரே, உமக்கு ஏணியாயிருந்த கல்வி நும் ஊரிலே ஏணியின்றி நிற்கும் பிள்ளைக்கும் எட்டுமாறு செய்தலே கலாசாலைக்கு நீவிர் செலுத்தும் கடன் என்பது எம் துணிபு.