ஊரிலே மூத்த குடி, கடல் கடந்தால் அந்நியர்! – இரட்டைமலை சீனிவாசன் வரலாறு

செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளின் நாடு. மேற்கே மதுராந்தகம் ஏரி. நடுவே பாலாறு. கிழக்கே மாமல்லபுரத்துக் கடல். பல்லவர் காலத்தில் மரக்கலங்கள் வந்து போன துறை அது. ஆகவே ஜனங்கள் வருவதும் போவதும் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. ஆனால் வந்தவர் யார், முன்பே இருந்தவர் யார், நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மட்டும் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தீராமல் இருந்து வந்திருக்கிறது.

இந்த வழக்கை ஊரிலும் பார்த்து, மலையிலும் பார்த்து, கடலுக்கு அப்பாலும் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் என்று அவரைத் தமிழ்நாடு அறியும். வட்டமேஜை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் உட்கார்ந்தவர் என்றும் அறியும். ஆனால் அவர் வாழ்நாளில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளை அயல்நாட்டில் குடியேறியவராகக் கழித்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

கோழியாளத்தில் பிறந்தவர்

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்ற சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலை 7ந் தேதி சீனிவாசன் பிறந்தார். 1860 என்று சொல்வோரும் உண்டு. தந்தையார் பெயர் இரட்டைமலை. அந்தப் பெயரே மகனுக்கு அடைமொழியாக நிலைத்துவிட்டது.

அவர் பிறந்த ஜில்லாவில் நிலம் மிராசு முறையில் இருந்தது. ஊரின் நிலம் முழுவதும் மிராசுதார்கள் சிலருக்குப் பங்கு. தரிசு நிலத்தைக் கூட வேறொருவர் பட்டா கேட்டால், முதல் உரிமை மிராசுதாருக்கே. சேரியில் குடிசை போட்டிருந்த மண்ணும் உழைப்பாளிக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடியிருக்க இடமில்லை!

இந்த மிராசு உரிமைக்கு அடிப்படையாக ஒரு பழங்கதை வழங்கி வந்தது. தொண்டை நாட்டில் முதலில் குறும்பர்கள் 24 கோட்டங்கள் அமைத்து, புழலைத் தலைநகராக்கி ஆண்டார்களாம். ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவர்களை வென்று, வேறு நாடுகளிலிருந்து வேளாண் குடிகளை அழைத்து வந்து குடியேற்றினானாம். காடு திருத்திய அந்தக் குடிகளுக்கே நிலம் என்று ஆயிற்றாம். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, மிராசைப் பற்றி எழுதி 1818இல் வெளியான நூலில் இந்தக் குடியேற்றக் கதையும் இடம் பெற்றது. கதையில் எவ்வளவு சரித்திரம் என்பது வேறு விஷயம். குடியேறியவர்கள் நிலத்துக்கு உரியவர்களானார்கள், முன்பிருந்தவர்கள் மறைந்து போனார்கள் என்பதுதான் கதையின் சாரம். அதை நாட்டார் ஒரு குறையாகச் சொல்லவில்லை. உரிமைப் பத்திரமாகவே சொல்லி வந்தார்கள்.

சீனிவாசன் கோயமுத்தூரில் படித்தார். உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். தம் குலம் இன்னதென்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் மற்றப் பையன்களோடு சேர்ந்து விளையாடவும் தயங்கினார். சொந்தத் தமிழ் மண்ணிலேயே ஒளிந்து படிக்கும் அந்நியராக அவர் வளர்ந்தார்.

நீலகிரியில் பத்தாண்டு

படிப்பு முடிந்ததும் நீலகிரிக்குப் போனார். அங்கே ஐரோப்பியர் வியாபார ஸ்தாபனத்தில் கணக்கர் உத்தியோகம். பத்து ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். 1887இல் ரங்கநாயகி அம்மையாரை மணந்தார். பண்டிதர் அயோத்திதாசர் அவருக்கு மைத்துனர்.

அந்த மலையிலும் குடியேற்றத்தின் கதைதான் நடந்து கொண்டிருந்தது. தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படுகரும் வாழ்ந்த மலைக்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கலெக்டர் சல்லிவன் 1820களில் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கி ஊட்டியில் மாளிகை எழுப்பினார். பின்னால் காப்பித் தோட்டம் வந்தது, தேயிலைத் தோட்டம் வந்தது. தோட்டத்தில் வேலை செய்யச் சமவெளியிலிருந்து ஏழை ஜனங்கள் மலையேறினார்கள். தோடர்களின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. வந்த கூலிகளுக்கும் ஒரு முழ நிலம் சொந்தமாகவில்லை. லாபம் மட்டும் கணக்குப் புத்தகத்தில் ஏறிற்று. கணக்கரான சீனிவாசன் பத்தாண்டு வாழ்ந்த நீலகிரி அப்படிப்பட்டது.

பெயரை மறைக்காத பத்திரிகை

1890இல் அவர் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டே பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். அந்தப் பெயரைச் சொல்லவே பலர் கூசிய காலம் அது. மறைந்து வாழ்ந்தால் உரிமை வராது. இன்னார் என்று முன்வந்து நின்றால்தான் வரும் என்பது அவர் முடிவு. கோயமுத்தூர்ப் பள்ளியில் ஒளிந்து நின்ற பையனா இவர் என்று வியக்கத் தோன்றுகிறது! மாதப் பத்திரிகையாகத் தொடங்கிய அது விரைவில் வாரப் பத்திரிகையாகி, சுமார் ஏழு ஆண்டுகள் நடந்தது.

அதே காலத்தில் செங்கற்பட்டிலும் ஒரு பெரிய விஷயம் நடந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரமென்கீர் துரை, பறையர்களின் நிலைமையை ஆராய்ந்து சர்க்காருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலம் இல்லாததே அவர்களுடைய எல்லாத் துன்பத்துக்கும் வேர் என்று அது காட்டியது. 1892இல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழங்குவது அதுதான்.

மிராசு என்பது குடியேறியவருக்குக் கிடைத்த உரிமை என்றால், மூத்த குடிக்கு என்ன உரிமை என்ற கேள்வியும் அந்தக் காலத்தில்தான் உரத்து எழுந்தது. தாழ்த்தப்பட்டவர்களே இந்த மண்ணின் ஆதிக் குடிகள் என்ற எண்ணம் பரவியது. ஆதி திராவிடர் என்ற பெயர் அந்த எண்ணத்தின் விளைவு. 1922இல் சென்னை சர்க்காரும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

கடல் கடந்த வாழ்வு

1900ஆம் ஆண்டில் சீனிவாசன் கப்பலேறினார். லண்டனுக்குப் போய்த் தம் மக்களின் குறைகளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். ஆனால் பிரயாணம் ஆப்பிரிக்காவோடு நின்றுவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கிவிட்டு, 1904 முதல் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்தார். காந்தியடிகள் அங்கே வக்கீலாக இருந்த காலம் அது.

நேட்டாலுக்கு முதலில் தமிழர்களைக் கொண்டு சென்ற கப்பல் 1860 நவம்பர் 16ந் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையிலிருந்து போன அந்தக் கப்பலில் 342 பேர் இருந்தார்கள். 1911 வரையில் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் ஏராளமானோர் போனார்கள். பஞ்சமும் நிலமின்மையும் அவர்களைத் துரத்தின. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங்.

இவர்களை ஏன் அழைத்தார்கள்? அந்த நாட்டுச் சூலு மக்களுக்கு ஆடுமாடும் நிலமும் இருந்தன. வெள்ளைக்காரரின் கரும்புத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் அடிமை போல் உழைக்க அவர்கள் விரும்பவில்லை. கூலியை உயர்த்திக் கொடுக்க முதலாளிகளுக்கு மனமில்லை. கடலுக்கு அப்பாலிருந்து மலிவான கைகளை வரவழைத்தார்கள். உள்ளூர்க்காரனுடைய பேரத்தை உடைக்க வெளியூர்க்காரன் பயன்பட்டான். வந்தவனுக்கு அந்தச் சூழ்ச்சி தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பசி ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் வந்தவன் வேண்டாதவனானான். 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியருக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது. 1896இல் வோட்டுரிமைக்குத் தடை வந்தது. 1897இல், ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவன் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று சட்டம் வந்தது. இந்தியர்கள் கூட்டமாக வந்து நாட்டை நிரப்புகிறார்கள் என்று வெள்ளைக்காரர்கள் கூச்சலிட்டார்கள். கூச்சலிட்டவர்களும் கப்பலில் வந்தவர்களே! 1904 கணக்கின்படி நேட்டாலில் இந்தியர் சுமார் 1 லட்சம் பேர். வெள்ளையர் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆப்பிரிக்கர்களோ 9 லட்சம் பேர்.

அந்த 9 லட்சம் பேரின் கதி என்ன? தலைக்கு ஒரு பவுன் வரி போட்டதை எதிர்த்து 1906இல் பம்பாத்தா என்ற தலைவன் கிளர்ந்தெழுந்தான். சூலு மக்கள் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1913இல் வந்த நிலச் சட்டம் தென்னாப்பிரிக்க நிலத்தில் 100க்கு 7 பங்கு அளவை மட்டும் ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கியது. அதே ஆண்டில்தான் மூன்று பவுன் வரியை எதிர்த்து இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1914இல் அந்த வரி ஒழிந்தது. நிலச் சட்டமோ ஒழியவில்லை.

இவையெல்லாம் சீனிவாசன் அங்கிருந்த ஆண்டுகளில் நடந்தவை. ஊரில் ஆதிக் குடி என்று சொல்லி உரிமை கேட்டவர், அங்கே அந்நியர். அங்கே ஆதிக் குடியாக இருந்தவர்களோ தம் ஊரிலேயே அந்நியரானார்கள். முதலில் வந்தவன் என்பதனால் மட்டும் யாருக்கும் நிலம் நிலைத்துவிடவில்லை. பின்னால் வந்தவன் என்பதனால் மட்டும் யாரும் பறித்துக்கொள்ளவும் இல்லை. சட்டம் செய்யும் கை யாருடையது என்பதே முடிவு கட்டியது.

சட்டசபைக்கு வந்தார்

1921இல் சீனிவாசன் தாயகம் திரும்பினார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் அவர் பொது வாழ்வை மறுபடியும் தொடங்கினார். 1923இல் சென்னைச் சட்டசபை அங்கத்தினராக நியமிக்கப்பட்டார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் சரித்திரத்தில் இடம் பெற்றது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், சர்க்கார் கச்சேரி ஆகியவற்றை எந்த ஜாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. அது நிறைவேறி, சர்க்கார் உத்தரவாகவும் வெளிவந்தது.

நேட்டாலில் தமிழனுக்கு மறுக்கப்பட்டவை பல செங்கற்பட்டில் தமிழனே தமிழனுக்கு மறுத்தவை. அங்கே நடந்த அநியாயத்துக்காக இங்கே கூட்டம் போட்டுக் கண்ணீர் விட்டவர்கள், தங்கள் ஊர்த் தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டையும் பார்த்தவருக்கு எதை முதலில் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அவர் கேட்டது நடக்க வழியும் குடிக்கத் தண்ணீரும்.

1930லும் 1931லும் லண்டன் வட்டமேஜை மகாநாடுகளுக்கு அவர் டாக்டர் அம்பேத்கருடன் சென்றார். 1900இல் பாதியில் நின்ற லண்டன் பிரயாணம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது! 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் ஆகிய பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18ந் தேதி காலமானார்.

அவருக்குப் பின்

அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆவதற்குள், 1949 ஜனவரியில், டர்பனில் சூலு மக்களுக்கும் இந்தியருக்கும் பெருங்கலகம் மூண்டது. 142 பேர் மாண்டார்கள். நிலத்தைப் பறித்தவன் எட்டாத உயரத்தில் இருந்தான். கைக்கு எட்டியவன் பக்கத்துக் கடைக்காரன். கோபம் அவன்மேல் பாய்ந்தது. குடியேற்றம் விதைக்கும் விஷங்களில் கொடியது இதுவே. ஆனால் கதை அதோடு முடியவில்லை. தமிழ் வம்சாவளியினரான டாக்டர் நாயக்கர் போன்றவர்கள் 1947லேயே ஆப்பிரிக்கத் தலைவர்களோடு உடன்பாடு செய்திருந்தார்கள். கலகம் அதைக் குலைக்கவில்லை. இரு சமூகத்தாரும் ஒன்றாகச் சிறை சென்றார்கள். 1994இல் ஒன்றாக வோட்டுப் போட்டார்கள்.

அதே 1994இல் செங்கற்பட்டில் நடந்தது வேறு. மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் போராடினார்கள். செங்கற்பட்டில் போலீஸார் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். 1892இல் ஒதுக்கிய நிலம் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உரியவர் கைக்கு வந்து சேரவில்லை!

சீனிவாசனின் நினைவாக 2000ஆம் ஆண்டில் தபால் தலை வெளியிடப்பட்டது. சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு. எந்த நாட்டிலும் எளியவர் இருவர், நீ முந்தியா நான் முந்தியா என்று சண்டையிடும்போது அவருடைய வாழ்க்கையை எண்ணிப் பார்க்கலாம். நிலமும் நீரும் வழியும் மறுக்கப்பட்டால் மூத்த குடியும் அகதிதான். அவை கிடைத்துவிட்டால் நேற்று வந்தவனும் ஊர்க்காரன்தான்.