நாணத்தை வென்ற நா

கல்வி கற்றோர் பலர். கற்றதை அவையில் எடுத்துரைக்க வல்லவர் சிலர். கற்றதை விரித்துரைக்க இயலாதவரை, கொத்தாக மலர்ந்தும் மணம் கமழாத பூவுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். தாய்மொழியிலேயே இக்குறை நேருமாயின், அயல்மொழியிற் பேசப் புகுவோர் நிலை எத்தகையது! இந்திய மக்களின் குரலாக இலண்டன் மாநகரிற் பேசிய காந்தியடிகளும் இளமையில் இத்துன்பத்தை நுகர்ந்தவரே.

அடிகள் 1869-ஆம் ஆண்டு போர்பந்தரிற் பிறந்தார். இராசகோட்டை நகரில் உயர்நிலைக் கல்வி பயின்றார். இயல்பிலேயே மிக்க நாணமுடையவர். பள்ளி மணி அடித்ததும், எவரேனும் எள்ளி நகையாடுவரோ என அஞ்சி வீட்டிற்கு ஓடிவிடுவார். 1888-இல் சட்டம் பயில அவர் இங்கிலாந்து செல்ல இருந்தபோது பள்ளியார் வழியனுப்பு விழா நடத்தினர். நன்றி கூறுதற்குச் சில சொற்களை எழுதிக் கொண்டு எழுந்தார், தலை சுழன்றது, உடல் நடுங்கியது, எழுதியதைப் படித்தலும் அரிதாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயினின்றும் கப்பல் புறப்பட்டது. உடன் சென்றவருள் பெரும்பாலார் ஆங்கிலேயர். அவர்கள் பேசுவது அடிகளுக்கு எளிதில் விளங்கவில்லை. விளங்கினாலும் விடை கூற வாய் எழவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துள் அமைத்துப் பார்த்த பின்னரே வெளியிட வேண்டியிருந்தது. புலால் கலவாத உணவு எது என்று பணியாளரை வினவவும் துணிவில்லை. ஆதலின் உணவுக் கூடத்திற்குச் செல்லாது, உடன் கொணர்ந்த இனிப்புகளையும் கனிகளையும் தம் அறையிலேயே உண்டு நாள்களைக் கழித்தார். உடன் பயணம் செய்த மஜும்தார் என்னும் நண்பர், வழக்கறிஞராக விழைபவர்க்கு நீண்ட நா வேண்டும் என்றும், அயல்மொழியிற் பிழை நேர்தல் இயல்பாதலின் அதற்கு நாணாது பேசுக என்றும் அறிவுறுத்தினார். நல்லுரைதான், ஆயினும் நாணம் அகன்றிலது.

இலண்டனை அடைந்தபின் அடிகள் இரு வழிகளில் முயன்றார். ஒன்று, ஆங்கிலக் கனவான் போல விளங்கும் முயற்சி. பட்டுத் தொப்பி வாங்கினார், நடனம் பயின்றார், வயலின் பயின்றார், பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரையும் அமர்த்தினார். பெல் என்பார் இயற்றிய பேச்சுப் பயிற்சி நூல் பாடமாயிற்று. பிட் என்னும் அரசியலறிஞரின் சொற்பொழிவொன்றில் பாடம் தொடங்கியது. இரண்டு மூன்று பாடங்கள் முடியுமுன்னே, மாணவனாகிய தனக்கு இந்த ஆரவாரம் எதற்கு என்று தெளிந்து, ஆசிரியருக்கு மடல் எழுதி நிறுத்திவிட்டார்.

மற்றொன்று ஆரவாரமற்ற வழி. இந்தியாவில் இருந்தவரை செய்தித்தாள் படித்தறியாத அவர், இலண்டனில் நாள்தோறும் மூன்று செய்தித்தாள்களைப் படித்தார். இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்காக இலத்தீன் கற்றார். முதன்முறை தவறினும் மீண்டும் முயன்று வென்றார். அப்பயிற்சி ஆங்கில அறிவையும் வலிமையுறச் செய்தது.

அறிவு வளர்ந்தது, அச்சம் நீங்கவில்லை. மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் ஒருவரை நீக்குவது பற்றி வழக்கெழுந்தது. அது முறையன்று எனக் கருதிய அடிகள் தம் கருத்தை எழுதிச் சென்றார். அதனையும் பிறரே படிக்க நேர்ந்தது. வென்ட்னர் என்னும் ஊரிற் பேச எழுந்தபோது கண் இருண்டது. எழுதி வந்த ஒரு தாளை மஜும்தாரே படித்து முடித்தார். 1891-இல் நண்பர்களுக்கு அளித்த பிரிவு விருந்தில், முதல் வாக்கியத்திற்கு மேல் நினைவு ஓடவில்லை. நன்றி கூறி அமர்ந்துவிட்டார்.

பாரிஸ்டராய்த் திரும்பிய அவர்க்குப் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக் கிடைத்தது. கூலி முப்பது ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியை வினவ எழுந்தார். ஒரு வினாவும் தோன்றவில்லை. வழக்கை வேறொருவர்க்குத் தருமாறும், கூலியைத் திரும்பப் பெறுமாறும் கூறி வெளியேறினார். குடும்பம் பொருள் செலவிட்டு அளித்த கல்வி, வாய்திறவாமையால் வீணாகுமோ என்னும் நிலை அது!

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். பிரிட்டோரியாவில் வாழ்ந்த இந்தியர் இழிவாக நடத்தப்படுவதைக் கண்டு அவர்களைக் கூட்டினார். வாணிகத்தில் வாய்மை என்பதே பொருள். அன்று அவர் நா தடுமாறவில்லை! தம்மைப் பற்றிய எண்ணம் மறைந்து, பிறர் துயர் பற்றிய எண்ணம் உள்ளத்தை நிறைத்திருந்தது.

அவ்விந்தியருள் ஆங்கிலம் அறிந்தார் மிகச் சிலரே. அந்நாட்டில் அம்மொழி அவர்க்குப் பயன்படும் எனக் கண்ட அடிகள், வயது முதிர்ந்தோரும் கற்கலாம் எனக் கூறித் தாமே கற்பிக்க முன்வந்தார். ஒரு நாவிதர், ஓர் எழுத்தர், ஒரு சிறுகடைக்காரர் ஆகிய மூவர் இசைந்தனர். ஆசிரியரே தம் இடம் தேடி வரவேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். அடிகள் அவ்வாறே சென்றார். சென்றபோது மாணவர் தொழிலில் ஈடுபட்டிருப்பதும் உண்டு. அவர் பொறுமை இழந்திலர். ஏறத்தாழ எட்டுத் திங்களில் இருவர் கணக்கெழுதவும் வணிகக் கடிதம் வரையவும் கற்றனர். நாவிதரோ, வாடிக்கையாளரிடம் பேசுமளவு போதும் என்றார். அவரவர் தேவையறிந்து அளித்த கல்வி அது.

பிரிவு விருந்தில் நா எழாது அமர்ந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1931-இல் அதே இலண்டன் மாநகரில், வட்டமேசை மாநாட்டில், எழுதிய தாளின்றி அமைந்த குரலில் இந்தியாவின் கருத்தை ஆங்கிலத்திற் கூறினார். அவர் மொழியில் அலங்காரம் இல்லை, ஐயத்திற்கும் இடமில்லை. இளமை நாணமே சொல்லை எண்ணிப் பேசும் சிக்கனத்தைத் தமக்குக் கற்பித்ததாக அவர் பின்னாளிற் கருதினார். ஆங்கிலத்தில் இத்துணைத் திறம் பெற்றும், தம் வரலாற்றைத் தாய்மொழியாகிய குசராத்தியிலேயே எழுதினார்.

மாணவர்களே! அயல்மொழி பேசும்போது பிழை நேரின் நாண வேண்டா. நாள்தோறும் படியுங்கள், தவறினும் பேசுங்கள். பிறர் நம்மை எவ்வாறு மதிப்பர் என்னும் எண்ணம் நாவைக் கட்டும். பிறர்க்குப் பயன்படுவது எது என்னும் எண்ணம் அக்கட்டை அவிழ்க்கும்.