சைதாப்பேட்டையில் சிவப்புக் கனவு கண்ட டாக்டர்

மேற்கு மாம்பலத்துக்குத் தெற்கே சைதாப்பேட்டை இருக்கிறது. அங்கே அடையாற்றின் மேல் ஒரு பாலம். அதன் பெயர் மறைமலை அடிகள் பாலம்.

அதற்கு முன் அங்கே ஒரு பழைய பாலம் இருந்தது. 1726-ம் ஆண்டில் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி தம் சொந்தப் பணத்தில் அதைக் கட்டினார். மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையவில்லை. அவர்கள் மர்மலாங் என்றார்கள். பாலமும் மர்மலாங் பாலம் ஆயிற்று.

அந்தப் பாலத்துக்கு அருகே, இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு விசித்திரமான தோட்டம் இருந்தது. மாவும் தென்னையும் வைத்த தோட்டம் அல்ல. கள்ளிச்செடித் தோட்டம்! வேலிக்காக அல்ல, பூச்சி வளர்ப்பதற்காக அந்தக் கள்ளியைப் பயிரிட்டார்கள்.

அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

செடிப் பித்து

ஆண்டர்சன் 1738-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் வைத்தியம் படித்தார். கிழக்கு இந்தியக் கம்பெனியின் டாக்டராகச் சென்னைக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து, 1786-ல் கம்பெனியின் தலைமை டாக்டர் ஆனார்.

அவர் தொழில் வைத்தியம். அவர் மனமோ செடி கொடிகளில் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் தரிசு நிலத்தைக் கேட்டு வாங்கிப் பெரிய தோட்டம் போட்டார். பருத்தி, கரும்பு, முசுக்கொட்டை என்று பல செடிகளை வளர்த்துப் பார்த்தார். வங்காளத்திலிருந்து பட்டுப்புழு தருவித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் முசுக்கொட்டைக் கன்றுகளைக் கொடுத்தார். இந்த நாட்டில் புதுத் தொழில்கள் வளரவேண்டும் என்பது அவர் ஆசை. கம்பெனிக்கு லாபம் வரவேண்டும் என்பதும் அதில் கலந்திருந்தது.

பொன் விலைப் பூச்சி

அந்தக் காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த சிவப்புச் சாயம் மெக்சிகோவிலிருந்து வந்தது. அது கொச்சினீல் என்ற சிறு பூச்சியின் உடலிலிருந்து கிடைப்பது. ஒரு ராத்தல், அதாவது ஏறக்குறைய அரை கிலோ சாயச்சரக்குக்கு, சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்! ஆங்கிலப் படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு இந்தச் சாயம்தான் போட்டார்கள்.

மெக்சிகோ அப்போது ஸ்பெயின் நாட்டின் பிடியில் இருந்தது. உயிருள்ள பூச்சி வெளியே போகாதபடி ஸ்பெயின்காரர்கள் காவல் காத்தார்கள். மற்ற நாடுகள் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கவேண்டியிருந்தது.

1786-ல் ஆண்டர்சன் சென்னையில் ஒரு புல்லின் மேல் சில பூச்சிகளைக் கண்டார். நசுக்கினால் சிவப்பாக இருந்தன. அவர் உள்ளம் துள்ளியது. கொச்சினீல் இங்கேயே கிடைத்துவிட்டது என்று நம்பினார். லண்டனில் இருந்த பெரிய விஞ்ஞானி சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் சென்னையில் புத்தகமாகவும் அச்சாயின.

ஆனால் முடிவு ஏமாற்றம். அது கொச்சினீல் அல்ல, வேறு பூச்சி.

மாம்பலத்துக்குப் பக்கத்தில்

ஆண்டர்சன் சோர்ந்துவிடவில்லை. பூச்சி வரும்போது வரட்டும், அதற்கு உணவாகும் செடியை முதலில் வளர்ப்போம் என்று முடிவு செய்தார். கொச்சினீல் வாழ்வது நோப்பல் என்ற கள்ளியின் மேல். லண்டனுக்கு அருகே உள்ள கியூ தோட்டத்திலிருந்து நோப்பல் செடிகள் கப்பலில் வந்தன. 1789-ல் மர்மலாங் பாலத்தருகே தோட்டம் உருவாயிற்று. ஆண்டர்சனின் உறவினர் டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி அதன் மேற்பார்வையாளர் ஆனார்.

கொச்சினீல் வளர்ப்பு பொறுமையான வேலை. தாய்ப்பூச்சிகளைக் கள்ளியின் மேல் விடவேண்டும். குஞ்சுகள் ஊர்ந்து சென்று, பிடித்த இடத்தில் ஊசி போன்ற வாயைக் குத்தி, சாற்றை உறிஞ்சும். பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. ஒட்டிய இடத்திலேயே, வெள்ளை மாவு பூசினாற்போல் வாழும். வளர்ந்ததும் தூரிகையால் தட்டி எடுத்து, கொன்று, உலர்த்துவார்கள்.

தோட்டம் தயார். செடி தயார். பூச்சி மட்டும் வரவில்லை!

வந்தது பூச்சி!

1795-ல் நீல்சன் என்ற ராணுவக் கேப்டன் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். வழியில் பல இறந்தன. மிஞ்சிய சில கல்கத்தாவில் இறங்கிப் பெருகின. அங்கிருந்து சென்னைக்கும் வந்தன.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. அருமை பெருமையாக வளர்த்த நோப்பல் செடியைப் பூச்சிகள் விரும்பவில்லை. வேலியோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த வேறொரு கள்ளியின் மேல் பாய்ந்தன. அதன் சாற்றைக் குடித்துச் செடியையே சாகடித்தன.

காரணம் என்ன? வந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி அல்ல. அதன் காட்டு உறவுப் பூச்சி. அதில் சாயம் குறைவு, தரமும் மட்டம். சந்தையில் நல்ல விலை கிடைக்கவில்லை. 1800-ம் ஆண்டு வாக்கில் தோட்டம் மூடப்பட்டது.

ஆண்டர்சன் 1809-ல் சென்னையிலேயே காலமானார். உண்மையான கொச்சினீல் வருவதை அவர் பார்க்கவேயில்லை.

தோல்வி தந்த பாடம்

கதை அத்துடன் முடியவில்லை. சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி வேறு வேலைக்கு உதவியது. அந்தக் கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே பரவிய களைதான். அதைத் தின்னும் பூச்சி அதுவரை இந்நாட்டில் இல்லை. பூச்சி வந்ததும் கள்ளி மடிந்தது. 1836-லிருந்து 1838 வரை, களையை அழிப்பதற்கென்றே அந்தப் பூச்சியை வடக்கிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது இலங்கைக்கும் போயிற்று. பூச்சியை விட்டுக் களையை அழிக்கும் முறைக்கு உலகிலேயே இதுதான் முதல் பெரிய உதாரணம்.

ஆனால் நம் வயல்களில் பரவிய சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. கள்ளியில் ஒரு ஜாதி மாறினாலும் அதற்குப் பிடிக்கவில்லை! சப்பாத்திக்கள்ளிக்கு ஏற்ற வேறொரு பூச்சி 1926-ல் இலங்கையிலிருந்து வந்தது. அதன் பிறகுதான் அந்தக் கள்ளிக் காடுகள் அழிந்தன.

செடிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவு பூட்டும் சாவியும் போன்றது. இதை மாம்பலத்து வீடுகளிலும் காணலாம். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். மூன்றின் இலையையும் ஒரே புழு தின்னும். பின்னர் அழகான வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். பக்கத்துத் தொட்டியில் உள்ள துளசியையோ மல்லிகையையோ அது தொடாது. அந்தப் புழுவைக் கண்டு மற்ற செடிகளுக்காகப் பயப்படவேண்டியதில்லை.

நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் ரோடு அந்த டாக்டரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கதீட்ரல் ரோட்டில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் அவர் சிலை இருக்கிறது. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் இல்லை. செடியை அறிந்து பூச்சியை விடவேண்டும் என்ற பாடம் மட்டும் நிலைத்துவிட்டது.