வீரர் தம்பி நாயுடு

மானம் என்பது செல்வர்க்கும் கற்றோர்க்கும் மட்டுமே உரிய அணியன்று. உழைத்து உண்ணும் எளியோர்க்கும் அஃது உயிர்நிலை. கடல் கடந்து சென்ற தமிழருள் வாணிகத்தாற் பொருள் ஈட்டிப் புகழ் பெற்றவர் பலர். மானத்தைக் காக்கும்பொருட்டு ஈட்டிய பொருளையெல்லாம் இழந்து புகழ் பெற்றவர் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் நின்றவர், தென்னாப்பிரிக்கத் தமிழர் தலைவராகிய தம்பி நாயுடு ஆவார்.

இவர் 1875-ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவிற் பிறந்தார். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து அத்தீவிற் சென்று குடியேறியவர்கள். இளம்பருவத்திலேயே தென்னாப்பிரிக்கா சென்ற தம்பி நாயுடு, பின்னர்ச் சோகன்னசுபர்க்கு நகரில் தங்கிச் சிறு வாணிகம் நடத்தி வந்தார். பள்ளிக் கல்வி இவருக்கு வாய்க்கவில்லை; உலக அனுபவமே ஆசிரியராக அமைந்தது. தமிழும் ஆங்கிலமும் முயன்று கற்றார், இந்துத்தானி பேசினார், தெலுங்கும் ஓரளவு அறிந்திருந்தார். தாய்நாட்டைக் கண்ணாற் கண்டறியாதவராயினும், அதன்பாற் கொண்ட பற்று இவர் நெஞ்சில் ஆழ வேரூன்றியிருந்தது. உறுதியான உடற்கட்டும் சலியாத உழைப்பும் உடையவர். கூட்டத்திற்குத் தலைமை தாங்கவும் வல்லவர். வேண்டுமாயின் பொதுப்பணிக்காகத் தெருவிற் சுமை தூக்கவும் கூசாதவர். விரைந்து சினம் கொள்ளுதல் ஒன்றே இவரிடம் காணப்பட்ட குறை.

அந்நாளில் திரான்சுவால் என்னும் பகுதியை ஆண்ட வெள்ளையர், அங்கு வாழ்ந்த இந்தியரைக் கட்டுப்படுத்த விரும்பி, 1906-ஆம் ஆண்டில் ஓர் அவசரச் சட்டத்தைக் கொணர்ந்தனர். அதன்படி ஒவ்வோர் இந்தியரும் பதிவு அலுவலகத்திற்குச் சென்று விண்ணப்பம் தர வேண்டும். தம் உடல் அடையாளங்களைக் காட்ட வேண்டும். பத்து விரல்களின் பதிவையும் அளிக்க வேண்டும். எட்டு வயது நிரம்பிய சிறுவருக்கும் இது விதிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் ஏட்டில் பதிந்துகொண்டு அலுவலர் ஒரு சான்றிதழ் தருவார். போலீசார் எங்கு, எப்பொழுது கேட்பினும் அதனைக் காட்ட வேண்டும். வாணிக உரிமம் வேண்டுவோரும் அதனைக் காட்டிய பின்னரே உரிமம் பெற இயலும். பதிவு செய்துகொள்ளாதவர்க்குத் தண்டமும், சிறையும், நாடு கடத்தலும் காத்திருந்தன.

விரற்பதிவு என்னும் முறை நம் நாட்டிலேயே வளர்ந்ததாகும். 1858-ஆம் ஆண்டில் வங்காளத்து அதிகாரி வில்லியம் எர்செல் என்பவர், ஒப்பந்தப் பத்திரம் ஒன்றில் ஒருவரது கைப்பதிவைப் பெற்றார். ஒருவர் விரல் வரை மற்றொருவர் விரல் வரையோடு ஒவ்வாது. இளமை முதல் முதுமை வரை மாறாது. இவ்வுண்மை தெளிவுபட்ட பின்னும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியிருந்தது. பல்லாயிரம் பதிவுகள் குவிந்துவிட்டால், வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது எவ்வாறு? வங்காளப் போலீசுத் தலைவராயிருந்த எட்வர்டு என்றி என்பவரும், அவருக்குத் துணைநின்ற அசீசுல் அக், ஏமச்சந்திர போசு என்னும் இந்திய அலுவலர் இருவரும் இதற்கு வழி கண்டனர். பத்து விரல்களிலும் உள்ள சுழிகளின் அமைப்பைக் கணக்கிட்டுப் பதிவுகளை 1024 பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவிற்கும் ஓர் அறை வகுத்தனர். பத்து விரற்கணக்குத் தெரிந்தால், உரிய அறையில் தேடி வேண்டிய தாளை விரைவில் எடுத்துவிடலாம். 1897-இல் கல்கத்தாவில் விரற்பதிவு நிலையம் இம்முறையில் தொடங்கப்பெற்றது. 1900-இல் என்றி தென்னாப்பிரிக்காவிற்கும் சென்று சோகன்னசுபர்க்குப் போலீசை அமைத்தார்.

எழுத்தறியாதார் பத்திரத்திற் பெருவிரல் நாட்டுதல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் கண்ட வழக்கமே; அதனை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. ஆனால் பத்து விரலின் பதிவையும் கட்டாயமாகப் பெறுதல் குற்றவாளிகளுக்கே உரியது என்பதனைக் காந்தியடிகள் என்றியின் நூலைப் படித்து அறிந்தார். ஒரு குற்றமும் செய்யாத மக்களை, பிறந்த இனம் ஒன்றையே காரணமாக்கிக் குற்றவாளிகளின் வரிசையில் வைப்பதே அச்சட்டத்தின் கொடுமை. விரலில் மை படுவது இழிவன்று. மானம் மாசுபடுவதே இழிவு. இதனை உணர்ந்த இந்தியர் மூவாயிரவர் 1906 செப்டம்பர் 11-ஆம் நாள் சோகன்னசுபர்க்கு எம்பயர் நாடக அரங்கிற் கூடி, அச்சட்டத்திற்குப் பணிவதில்லை என்று இறைவன் சான்றாக உறுதி பூண்டனர். சத்தியாக்கிரகம் என்னும் அறப்போர் அன்று பிறந்தது.

1907-ஆம் ஆண்டில் அது நிலையான சட்டமாகிப் பதிவு அலுவலகங்களும் திறக்கப்பட்டன. அவற்றின் வாயிலில் தொண்டர்கள் நின்று, பதிவு செய்ய வருவோரிடம் சட்டத்தின் தீமையைப் பணிவுடன் எடுத்துரைத்தனர். சோகன்னசுபர்க்குத் தொண்டர்க்குத் தலைவராய் நின்றவர் தம்பி நாயுடு. இயல்பாகவே சினம் மிக்க இவர், பிறர் வைத வசைகளைப் பொறுத்துக்கொண்டு தொண்டரையும் பொறுக்கச் செய்தது பெருஞ்செயலாகும். பதின்மூவாயிரம் இந்தியருள் ஏறத்தாழ ஐந்நூற்றுவரே ஆண்டின் இறுதிக்குள் பதிவு செய்துகொண்டனர். சினந்த அரசு தலைவர்களைப் பிடித்தது. 1908 சனவரியில் காந்தியடிகளும் தம்பி நாயுடுவும் பிறரும் சிறை புகுந்தனர்.

அம்மாத இறுதியில் ஓர் உடன்பாடு தோன்றியது. இந்தியர் தாமே விரும்பிப் பதிவு செய்துகொண்டால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்பதே அதன் கருத்து. அரசுக்கு எழுதிய மடலில், காந்தியடிகளோடும் சீனர் தலைவர் குவின் என்பாரோடும் தம்பி நாயுடுவும் கையொப்பமிட்டார். அச்சத்தாற் செய்யாததை நட்பினாற் செய்வதில் இழிவில்லை என்று அவர்கள் கருதினர். ஆயினும் மக்கள் அனைவரும் இவ்வேறுபாட்டினை உணரவில்லை. 1908 பிப்ரவரி 10-ஆம் நாள் காந்தியடிகள் பதிவு அலுவலகத்திற்கு நடந்து சென்றபோது, அவர் தம் மக்களைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று பிறழ உணர்ந்த மீர் ஆலம் என்னும் பட்டாணியரும் அவர்தம் தோழரும் அவரைத் தடிகொண்டு தாக்கினர். அடிகள் நினைவிழந்து வீழ்ந்தார். உடன் சென்ற தம்பி நாயுடு இடையிற் புகுந்து அடிகளைக் காக்க முயன்று, தாமும் அடிபட்டார். காயமுற்ற நிலையிலும் அடிகள் படுக்கையிலிருந்தவாறே தம் விரற்பதிவை அளித்தார்.

அரசோ சட்டத்தை நீக்கவில்லை. ஏமாற்றப்பட்ட இந்தியர் 1908 ஆகசுடு 16-ஆம் நாள் சோகன்னசுபர்க்கு அமீதியா மசூதித் திடலிற் கூடினர். ஒரு பெரிய கொப்பரையில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட சான்றிதழ்களை இட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தனர். முன்னர் அடித்த மீர் ஆலமும் அங்கு வந்து, அடிகளோடு நட்புப் பூண்டார்.

அதன்பின் தம்பி நாயுடுவிற்குச் சிறையே இல்லம் போலாயிற்று. விடுதலை பெறுவதும் மீண்டும் சிறை புகுவதுமாகப் பதினான்கு முறை சிறை சென்றார் என்பர். இவர் வாணிகம் அழிந்தது, நெஞ்சுறுதி அழியவில்லை. தமிழர் நலச் சங்கத்தின் தலைவராய் இவர் காட்டிய வழியிலே தமிழர் பலர் சிறை சென்றனர். நாடு கடத்தப்பட்டோர் பலர் சென்னைக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டபோது, ஜி. ஏ. நடேசன் அவர்களை வரவேற்றுப் பேணினார். 1910-இல் டால்சுடாய் பண்ணை அமைந்தபொழுது, துப்புரவுப் பணியும் நகரிற் பொருள் வாங்கிவரும் பணியும் தம்பி நாயுடுவின் பொறுப்பாயின.

1913-இல் போராட்டம் மீண்டும் மூண்டது. ஒப்பந்தக் கூலிகளாய் வந்தோர்மேல் விதிக்கப்பட்ட மூன்று பவுன் தலைவரியும், இந்தியர் திருமணங்களைச் செல்லாதவையாக்கிய நீதிமன்றத் தீர்ப்பும் அதற்குக் காரணங்கள். தம்பி நாயுடுவின் மனைவியார் வீரம்மாள் உட்படத் தமிழ்ப்பெண்டிர் பலர் நியூகாசில் நகர்க்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். தம்பி நாயுடு முன்னின்று அப்பணியை நடத்தினார். வீரம்மாள் கைக்குழந்தையோடு மூன்று மாதம் கடுங்காவல் ஏற்றார். அவ்வறப்போரிற் சிறை சென்ற பதினாறு வயதுச் செல்வி தில்லையாடி வள்ளியம்மை நோயுற்று விடுதலையாகி, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தார். அவ்வாண்டே தலைவரி ஒழிந்தது. இந்தியர் திருமணங்களும் சட்டத்தால் ஏற்கப்பட்டன.

காந்தியடிகள் தாய்நாடு திரும்பும் வேளை வந்தது. பிரிவு விருந்தில் பலரும் பரிசுகள் அளித்தனர். தம்பி நாயுடுவிடம் பொருள் இல்லை. அவரும் வீரம்மாளும் தங்கள் மைந்தர் நால்வரையும் அழைத்து வந்து, நாட்டுத் தொண்டிற்கென அடிகளிடம் ஒப்படைத்தனர். அவையோர் உள்ளம் உருகியது. அம்மைந்தர்கள் இந்தியா வந்து, சாந்திநிகேதனத்திலும் அடிகளின் ஆசிரமத்திலும் பயின்றனர். தம்பி நாயுடு தென்னாப்பிரிக்காவிலேயே தொண்டாற்றி, 1933-இல் மறைந்தார். மகன் நாரணசாமியும் அவர் வழிவந்த பேரப்பிள்ளைகளும் பின்னாளில் நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்றனர்.

சோகன்னசுபர்க்கிற் பிறந்த அறப்போர் பின்னர்த் தமிழ்நாட்டிற்கும் வந்தது. 1919-இல் ஆழ்வார்பேட்டைக்கு அணித்தான கதீட்ரல் சாலையில், இராசாசி குடியிருந்த மனையில் காந்தியடிகள் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுதும் ஒருநாள் கடையடைப்பும் நோன்பும் மேற்கொள்ளலாம் என்னும் எண்ணம் அவருக்கு அங்கேதான் தோன்றியது. கோடிக்கணக்கானோரை எழுப்பிய அவ்வழியின் வன்மையை முன்னரே மெய்ப்பித்துக் காட்டியவர்கள், தம்பி நாயுடு போன்ற எளிய மக்களே.

பதிவேடும் விரற்குறியும் இக்காலத்திலும் அரசுக்கு வேண்டியவையே. படைக்கல உரிமம் போன்றவற்றிற்கு விண்ணப்பிப்போர் யாவரென்று தெளிய அவை துணைபுரியும். அவை எல்லார்க்கும் பொதுவாய், நன்மைக்கெனப் பயன்படின் மக்கள் மனமுவந்து ஏற்பர். ஓர் இனத்தாரை இழிவுபடுத்தும் கருவியாயின் எதிர்த்து நிற்பர். விரலைத் தர மறுத்து, நாட்டிற்காக மைந்தரைத் தந்த தம்பி நாயுடுவின் வாழ்க்கை, கொடுக்கத் தகுவது எது, கொடுக்கத் தகாதது எது என்பதனை நமக்கு என்றும் உணர்த்தி நிற்கும்.