புயலுக்கு முந்திய தந்தி

நடுக்கடலில் செல்லும் சிறு பாய்க்கப்பலில் இன்று ஒரு சிற்றலை வானொலியும் ஒரு கணிப்பொறியும் இருந்தால் போதும். வானொலியில் கேட்பதென்னவோ வெறும் கீச்சொலிதான். ஒலி தாழ்ந்தால் கறுப்பு, உயர்ந்தால் வெள்ளை. கணிப்பொறி அதனை நிமிடத்திற்கு 120 வரியாகத் தீட்டிக்கொண்டே போகும். சற்று நேரத்தில் வானிலைப் படம் திரையில் நிற்கும். இயற்பியல் மாணவனாகிய எனக்குக் கருவியைவிட, கடலோடிகளை எச்சரிப்பதற்காகப் பிரிட்டனில் ஓயாது உழைத்த மனிதர் ஒருவரே பெருவியப்பு.

அவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். 1805-இல் பிறந்தவர். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் என்றால் உடனே தெரிந்துவிடும். நாம் படித்த பாடநூல்கள் அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன!

பீகிள் முதன்முதல் அவர் கைக்கு வந்தது 1828 இறுதியில். அப்போது அவருக்கு வயது 23. என் வயதுதான், எனக்கோ ஆய்வுக்கூடத்துச் சாவியைத் தரவே தயங்குகிறார்கள். அடுத்த மாதம், தென் அமெரிக்கக் கரையருகே பாரமானி தாழ்ந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சூறை பாய்ந்தது. பாய்மரங்கள் முறிந்தன; மாலுமிகள் இருவர் கடலில் மாண்டனர். அப்பிழை அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

நியூசிலாந்து ஆளுநர் பதவி உட்படப் பல மேடுபள்ளங்களைக் கடந்து, 1854-இல் வானிலைக் குறிப்புகளைத் திரட்டும் சிறிய அரசு அலுவலகத்தின் தலைவரானார். குறிப்பெடுப்பது மட்டுமே அவருக்கிட்ட பணி. 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்னும் கப்பல் ஆங்கிள்சீ தீவின் பாறைகளில் மோதி நொறுங்கியது. 400-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். புயல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்து வருவது. தந்தி அதனினும் விரைவாக ஓடுவது. அப்படியிருக்க, அத்தனை பேர் ஏன் சாகவேண்டும்?

கரையோர நிலையங்களிலிருந்து பாரமானி அளவுகளைத் தந்தியில் வரவழைத்தார். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்கு எச்சரிக்கைகள் பறந்தன. கம்பங்களில் கூம்பும் உருளையும் ஏறின. ஆகஸ்ட் 1 அன்று டைம்ஸ் நாளிதழில் அவருடைய முன்னறிவிப்பும் வெளிவந்தது.

சில நாள் பலித்தது, சில நாள் பொய்த்தது. பொய்த்த நாளில் ஊரே நகைத்தது. அறிஞர்களோ, கோட்பாடின்றி வருவது உரைப்பது அறிவியலாகாது என்றனர். கூம்பைக் கண்டு மீனவர் கரையிலேயே தங்கியதால், படகு முதலாளிகளும் சினந்தனர். கோட்பாடு முதிரும்வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனை கப்பல் மூழ்கும் என்பதே அவர் கவலை. அறிஞர்கள் கேட்டதும் நேர்மையான கேள்விதான். ஆயினும் என் மனம் ஃபிட்ஸ்ராயின் பக்கமே சாய்கிறது.

உடல் தளர்ந்தது, மனச்சோர்வு வாட்டியது, செல்வமெல்லாம் கரைந்தது. 1865 ஏப்ரல் 30 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, அவர் பணியை ஆராய்ந்த குழுவின் சொற்படி எச்சரிக்கைகளும் நின்றன. கடலோரத்தார் கொதித்தெழுந்தனர். 1867-இல் கூம்புகள் மீண்டும் கம்பம் ஏறின.

பிரிட்டனின் கடல் முன்னறிவிப்பில் பகுதி பகுதியாகப் பெயர் சொல்லிக் காற்றின் நிலை அறிவிப்பார்கள். அவற்றுள் பினிஸ்டேர் என்ற பகுதிக்கு 2002-இல் ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். ஸ்பெயினின் வடமேற்கு முனைக்கு அப்பாலுள்ள அக்கடலில் செல்வோர், காற்று எப்படி என்று அறிய இன்று அவர் பெயருக்காகவே செவிசாய்த்துக் காத்திருக்கிறார்கள்.