மரம் வளைத்த மிகாயேல் தோனெட்

யாழ்ப்பாணத்து விறாந்தைகளிலே வளைந்த முதுகுடைய பிரம்புக் கதிரையைக் கண்டோர் பலர். அவ்வகையை முதலில் ஆக்கிய தச்சரின் பெயரை அறிந்தோர் சிலரே. மிகாயேல் தோனெட் 1796-இல், ஜெர்மனியில் ரைன் நதிக்கரைப் பொப்பார்ட் ஊரிற் பிறந்தார்.

மரத்தை வளைவாக அறுத்தால் நார் துண்டுபட்டு உரம் குன்றும். ஆகவே மெல்லிய கீற்றுக்களைப் பசையில் வேகவைத்து, வளைத்து ஒட்டினார். அம்முயற்சியிற் கடன் பெருகியது. 1842-இல் கடன் கொடுத்தோர் உடைமைகளைக் கைக்கொண்டனர். ஆஸ்திரிய அமைச்சர் மெத்தர்னிக்கின் அழைப்பை நம்பி வியன்னா சென்ற அவர், புதல்வருடன் பிறர் பட்டறையில் உழைக்கலானார்.

பின்னர், கடல்கடந்து சென்ற கதிரைகள் ஈரம் மிகுந்த நாடுகளிற் பசைவிட்டுப் பிரிந்தன. நமது மாரியை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை! பசையை விடுத்து முழுமரத்தையே வளைக்கத் துணிந்தார். ஆவியில் வெந்த கோலும் வளைக்கையில் வெளிப்புறம் வெடித்தது. அப்புறத்தே இரும்புப் பட்டையை இறுகப் பொருத்தி வளைக்கவே வெடிப்பு நின்றது. 1856-இல் இம்முறைக்குத் தனியுரிமை கிட்டிற்று.

1859-இல் வந்த 14-ஆம் இலக்கக் கதிரைக்கு 6 மரத்துண்டு, 10 திருகாணி, 2 சுரை போதும். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீற்றரில் 36 கதிரைகள் அடங்கும்.

1871 மார்ச் 3-இல் தோனெட் வியன்னாவிற் காலமானார். 1930-க்குள் அக்கதிரை 5 கோடி விற்பனையாயிற்று.